ஒரு பைசாவில் பிறந்த ஏடு

சென்ற மாதம் நம் சங்க உறுப்பினர் ஒருவர் மாரிக்குப்பத்துக்குப் போய்வந்தார். அவருடைய பாட்டி கடைசிவரை குடியிருந்த சுரங்கக் குடியிருப்பு வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. கட்டில், அம்மிக்கல், சாமி படங்கள் எல்லாவற்றையும் எடுத்த பிறகு மூலையில் ஒரு தகரப் பெட்டி மிஞ்சியது. திறந்தால் கட்டுக் கட்டாகப் பழைய தாள்கள். பழுப்பேறி, தொட்டால் உதிரும் நிலை. வாசலில் நின்ற பழைய பேப்பர்க்காரர் எடைக்குப் போட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரே ஒரு தாள் தப்பியது. பாட்டியின் பித்தளைக் குத்துவிளக்கை அதில் சுற்றி எடுத்து வந்திருந்தார். இங்கே வந்து பிரித்தபோதுதான் எழுத்துகளைக் கவனித்திருக்கிறார். கசங்கலை நீவி நம் அலுவலக மேசைமேல் வைத்தார். தேதி இருந்த மூலை கிழிந்து போயிருந்தது. தலைப்பு மட்டும் பளிச்சென்று இருந்தது: தமிழன்.

மற்றவற்றை எடைக்குப் போட்டதில் எவ்வளவு கிடைத்தது என்று கேட்டோம். சொன்னார். அந்தத் தொகையை இங்கே அச்சிட நமக்கு மனம் வரவில்லை.

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அது என்ன ஏடு, யார் நடத்தியது, அவருடைய பாட்டன் அதை ஏன் பெட்டியில் பூட்டி வைத்தார் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. பள்ளிக்கூடம் சொல்லவில்லை. ஆண்டுதோறும் மேடை போட்டுத் தமிழைப் பற்றிப் பேசுகிற நாமும் சொல்லவில்லை. ஆகவே இந்த மாதம் வேறு பேச்சை ஒத்திவைத்துவிட்டு அந்த ஏட்டின் பிறப்பை எழுதுகிறோம்.

ஒரு பைசா என்றால் என்ன என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. பழைய கணக்கில் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 பைசா. ஆக ரூபாய்க்கு 64 பைசா. 1957இல் புதுக்காசு வந்தபோது அந்தக் கணக்கு ஒழிந்தது. கூலிக்காரன் மடியிலும் இருக்கக்கூடிய சிறு செப்புக்காசு அது. அந்தக் காசையே பெயராக வைத்துக்கொண்டு 1907 ஜூன் 19, புதன்கிழமையன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து ஒரு வார ஏடு வெளிவந்தது. நான்கே பக்கம். பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையும் ஒரு பைசா. ஆண்டு முழுதும் வாங்கினாலும் தபால் செலவு நீங்கலாக 52 பைசா, அதாவது 13 அணா. முழுதாக ஒரு ரூபாய்கூட இல்லை. ஆசிரியர் அயோத்திதாசப் பண்டிதர்.

அது எப்படிப்பட்ட காலம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1905 அக்டோபரில் கர்சன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிளந்தார். அங்கே மூண்ட தீ நாடெங்கும் பரவியது. அந்நியத் துணியைக் கொளுத்து, உள்நாட்டுச் சரக்கை வாங்கு, சுயராஜ்யம் கேள் என்று தெருவெல்லாம் முழக்கம். தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் 1906இல் வெள்ளையனுக்கு எதிராகக் கப்பல் கம்பெனி தொடங்கினார். 1908 தொடக்கத்தில் அதே ஊரின் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்றார்கள். மார்ச் மாதம் சிதம்பரனாரையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்ததும் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது. தென்னாட்டில் அதுவரை காணாத அரசியல் புரட்சி அது.

புரட்சிக்கு நாக்கு வேண்டும். அந்நாளில் பத்திரிகைதான் நாக்கு. ஜி.சுப்பிரமணிய ஐயர் 1882இல் தொடங்கிய 'சுதேசமித்திரன்' 1899 முதல் நாளேடாகவே வந்துகொண்டிருந்தது. 1906இல் 'இந்தியா' வார ஏடு பிறந்தது. பாரதியாரின் எழுத்து அதில் தணலாக இறங்கியது. கருத்துப் படங்களைப் போட்டு ஆட்சியாளரைக் கேலி செய்த ஏடு அது. 1908இல் அரசு அதன்மேல் பாய்ந்தபோது அச்சகமும் ஆசிரியரும் புதுச்சேரிக்குப் போக வேண்டியதாயிற்று. 1910 வரை அங்கிருந்து வெளிவந்தது. இந்த வரலாறு நமக்குத் தெரியும். பாடநூல்களில் இருக்கிறது, மேடைகளில் கேட்கிறோம், பெருமைப்படுகிறோம். பெருமைப்பட வேண்டியதே.

ஆனால் அதே ஆண்டுகளில், அதே சென்னையில், அதே சுதேசியைப் பற்றி வேறொரு கேள்வியும் எழுந்தது. அதைக் கேட்டவரின் பெயரைத்தான் நெடுங்காலம் மறந்துபோனோம்.

ஊர்க் கிணற்றில் நீர் மொள்ள விடாதவன், தெருவில் செருப்புப் போட்டு நடக்க விடாதவன், பள்ளித் திண்ணையில் பிள்ளையை உட்கார விடாதவன், திடீரென்று வந்து 'நாமெல்லாம் சுதேசிகள், வாருங்கள்' என்று கூப்பிட்டால் சேரியில் இருப்பவன் என்ன எண்ணுவான்? யார் சுதேசி? யாருடைய தேசம்? அந்நியச் சரக்கைத் தள்ளுமுன் சாதியைத் தள்ள ஏன் மனம் வரவில்லை? ஆட்சி கைமாறினால் அது யார் கைக்குப் போகும்? 'ஒரு பைசாத் தமிழன்' வாரந்தோறும் இவற்றைக் கேட்டது. சுதேசிச் சீர்திருத்தம் பற்றிப் பண்டிதர் தொடர்ச்சியாகவே எழுதினார். நாட்டின் பூர்வகுடிகள் யார், அவர்களுக்கு என்ன பங்கு என்பதைத் தீர்க்காமல் சுயராஜ்யம் பேசுவது சிலருடைய ராஜ்யத்தைப் பேசுவதே என்பது அவர் வாதத்தின் சாரம். புரட்சியின் நடுவே பிறந்த ஏடுதான் இதுவும். புரட்சிக்காரர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாதவர்களிடமிருந்து பிறந்தது என்பதே வேறுபாடு.

பண்டிதரைப் பற்றி இரண்டு வார்த்தை. 1845இல் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தமிழும் மருத்துவமும் கற்பித்த ஆசிரியரின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டார். சித்த மருத்துவர். நீலகிரியில் நெடுநாள் வாழ்ந்து, 1891இல் அங்கே திராவிட மகாஜன சபையின் பெயரால் மாநாடு கூட்டித் தாழ்த்தப்பட்ட மக்களின் கோரிக்கைகளைத் தீர்மானங்களாக்கினார். 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பிச் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவினார். அவருக்கு முன்பும் சிலர் ஏடு நடத்தியிருக்கிறார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்றே பெயர் வைத்து ஓர் ஏட்டைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு நடுத்தெருவில் நிற்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

'தமிழன்' நடைபெற்ற முறையைப் பார்த்தால் இன்று பத்திரிகை நடத்துகிறவர்கள் வெட்கப்பட வேண்டும்; நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். முதல் இதழிலேயே தத்துவம் அறிந்தவர்கள், இயற்கை நூல் அறிந்தவர்கள், கணிதம் வல்லவர்கள், இலக்கியம் கற்றவர்கள் ஒன்றுகூடி இதை வெளியிடுவதாக அறிவித்தார்கள். யாரோ இரக்கப்பட்டு ஏழைகளுக்காக நடத்துகிற ஏடு என்ற தொனி அதில் இல்லை. நாங்கள் அறிந்தவர்கள், அறிந்ததைச் சொல்கிறோம் என்ற நிமிர்வு இருந்தது. நான்கு பக்கத்துக்குள் அரசியல், நாட்டு நடப்பு, மருத்துவம், பயிர்த்தொழில், பெண்களுக்கான செய்தி, பழைய நூல் ஆராய்ச்சி எல்லாம் வந்தன. வாசகர் ஐயம் கேட்பார், பண்டிதர் விடை எழுதுவார். திருக்குறளிலிருந்தும் காப்பியங்களிலிருந்தும் நிகண்டுகளிலிருந்தும் சான்று எடுத்து வைப்பார். கூலி வேலை செய்கிறவனுக்கு எதற்கு இலக்கணமும் நிகண்டும் என்று அவர் ஒரு நாளும் நினைக்கவில்லை. எளிய மக்களுக்கு எளிமையானதுதான் கொடுக்க வேண்டும் என்று நம்மிடம் ஒரு நினைப்பு இருக்கிறதே, அது மரியாதையா அவமரியாதையா என்பதை யோசிக்க வேண்டியிருக்கிறது.

பெயர் மாறிய கதையும் சுவையானது. ஓராண்டு ஓடியதும் வாசகர்களே எழுதினார்கள்: இவ்வளவு விஷயம் தாங்கி வருகிற ஏட்டுக்கு 'ஒரு பைசா' என்ற ஒட்டு எதற்கு? பண்டிதர் இணங்கினார். 1908 ஆகஸ்டு 26 இதழிலிருந்து அது வெறும் 'தமிழன்' ஆயிற்று. சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள், எந்த அடைமொழியும் இல்லாமல், நாங்கள் தமிழர்கள் என்று தலைப்பில் அச்சடித்தார்கள். நம் சங்கத்தின் பெயரிலும் அந்தச் சொல் இருக்கிறது. அதை அரசியல் சொல்லாக முதலில் தூக்கிப் பிடித்தவர்களில் இவர்களும் உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இனி நமக்கு நெருக்கமான செய்திக்கு வருகிறோம். இந்த ஏட்டை வாழவைத்தது யார்?

இராயப்பேட்டையில் அச்சாகிய ஏடு படிக்கப்பட்ட ஊர்களைப் பாருங்கள்: கோலார் தங்கவயல், பெங்களூர், ஹூப்ளி, ரங்கூன், கடல் கடந்து தென்னாப்பிரிக்கா. எல்லாமே பிழைப்புத் தேடித் தமிழர்கள் போய்ச் சேர்ந்த இடங்கள். சொந்தக் கிராமத்தில் ஆண்டையின் களத்துமேட்டில் நின்றுகொண்டு இந்த ஏட்டைப் பிரித்துப் படிக்க எவனால் முடியும்? ஊரைவிட்டு வெளியேறியவனால் முடிந்தது. மாதக்கூலி கையில் வந்தது. கேட்க ஆண்டை இல்லை. மாலையில் கூடிப் பேச இடம் இருந்தது. புலம்பெயர்வு என்றால் துயரம் மட்டுமே என்று பாடிப் பழகிவிட்டோம். அது சிலருக்கு முதன்முதலாக முதுகை நிமிர்த்த இடம் கொடுத்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

தங்கவயலைப் பற்றி இங்குள்ள பலருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் ரயிலேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆதிதிராவிடர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. அதற்குப் பிறகுதான் பெங்களூர்த் தெருக்களே மின்விளக்கைக் கண்டன. பூமிக்கு அடியில் இறங்கி இறங்கிச் சாம்பியன் ரீஃப் சுரங்கம் பின்னாளில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. பாறை வெடிப்பில் செத்தவர்கள், தூசியில் நுரையீரல் அரித்துச் செத்தவர்கள் இல்லாத வரிசை வீடு அங்கே அரிது. அந்த மனிதர்கள்தாம் கூலியில் பைசா எடுத்து வைத்து ஏட்டுக்கு அனுப்பினார்கள். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கக் கிளை அமைத்தார்கள். பெங்களூர் தண்டிலும் கிளை இருந்தது. எம்.ஒய்.முருகேசர் போன்றவர்கள் தங்கவயலில் இதற்குத் தூணாக நின்றார்கள். மாரிக்குப்பம் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. இன்றைக்குப் பதிப்புலகம் என்று பெரிதாகச் சொல்கிறார்களே, அந்த வேலையைச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு அன்றே செய்திருக்கிறது.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஏடு எதற்கு என்று கேட்கலாம். ஒருவர் படிக்கப் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பது அந்நாளில் எங்கும் இருந்த பழக்கம். பத்திரிகை கண்ணுக்கு மட்டுமல்ல, காதுக்கும் உரியதாக இருந்தது. நாம் அந்தப் பழக்கத்தை எங்கே விட்டோம் என்று தெரியவில்லை. வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு கைபேசி, நான்கு மூலை.

உலகத்தில் வேறு இடங்களிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. 1912இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் 'பிராவ்தா' பிறந்தபோது அதற்கு முதல் கொடுத்தவர்கள் கோபெக் கோபெக்காக வசூலித்த ஆலைத் தொழிலாளர்கள். ஐந்தே ஆண்டில் ஜார் முடி விழுந்தது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் மர ஆலைகளிலும் வயல்களிலும் உழைத்த பஞ்சாபிகள் 1913 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து 'கதர்' ஏட்டை வெளியிட்டார்கள். கதர் என்றால் கிளர்ச்சி. நூற்கும் கதர் அல்ல. அதுவும் பிழைக்கப் போனவர்களின் ஏடே. கசப்பான எடுத்துக்காட்டும் ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவில் 1903இல் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழியில் வந்தது. அங்கே ஒப்பந்தக் கூலிகளில் தமிழர்கள் பெருந்தொகையினர். ஆயினும் 1906இல் தமிழ்ப் பகுதி நின்றுபோயிற்று. எழுதவும் அச்சுக் கோக்கவும் ஆள் அமையவில்லை என்பது காரணம். காந்தியடிகள் மேல் பழி சொல்ல இதைக் குறிப்பிடவில்லை. அடுத்தவர் வீட்டு விளக்கில் எண்ணெய் தீர்ந்தால் நம் பக்கம்தான் முதலில் இருட்டாகிறது.

பண்டிதர் எழுதியதை எல்லாம் நாம் ஏற்கிறோமா என்றால், இல்லை. வெள்ளையர் ஆட்சியை அவர் வாய் நிறையப் புகழ்ந்தார். சுதேசி வீரர்கள் சிறையில் வாடிய நாளில் அவர்களைக் கடிந்து எழுதினார். படிக்கும்போது நமக்கு நெஞ்சு உறுத்துகிறது. தூத்துக்குடி ஆலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளியும் தங்கவயலில் பாறை உடைத்த தொழிலாளியும் ஒரே வர்க்கம் அல்லவா? தங்கத்தை எல்லாம் கப்பலேற்றிக் கொண்டுபோன கம்பெனி எந்த நாட்டுக் கம்பெனி? இந்த இடத்தில் பண்டிதரின் கண் மறைத்துவிட்டது என்றே சொல்வோம். அவர் எழுதிய பழைய சரித்திரத்திலும் சொல்லாராய்ச்சியிலும் இன்றைய ஆய்வாளர்கள் ஒப்பாத பகுதிகள் நிறைய உண்டு.

ஆனால் அவர் ஏன் அப்படி எழுதினார் என்பதைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. முதன்முதலாகப் பள்ளிக்கூடக் கதவைத் திறந்தவன் அந்நியனாகவும், அதே கதவைச் சாத்தியவன் அண்டை வீட்டானாகவும் இருந்தால் யாரை நம்புவது? 'இந்தியா' ஏட்டின் கேள்வியும் 'தமிழன்' ஏட்டின் கேள்வியும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டே நின்றன. இரண்டில் ஒன்றைத்தான் சுதந்திர இந்தியா பெரிதாகக் கேட்டது. 1947இல் அதற்கு விடை கிடைத்தது. மற்றது இன்னும் நிலுவையில் இருக்கிறது. நம் பேட்டைகளில் சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் சாகிறவர்கள் எந்தச் சாதியார் என்று பார்த்தால் போதும்.

1914 மே 5ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். ஏழாண்டுக் காலம் வாரந்தவறாது ஓடிய கை நின்றது. மகன் பட்டாபிராமன் சிறிது காலம் நடத்திப் பார்த்தார், முடியவில்லை. 'இந்தியா' ஏட்டை அரசு ஒடுக்கியது. 'தமிழன்' ஏட்டை ஒருவருடைய மரணமே முடித்துவிட்டது. ஒருவர் தோளிலேயே ஏற்றிவைத்த ஏட்டுக்கு நேரக்கூடியதுதான். இதைப் படிக்கும்போது, நம் மாத இதழுக்கு மெய்ப்புத் திருத்தக்கூட ஒரே ஒருவரை நம்பியிருக்கும் நாம் கொஞ்சம் கலங்கினோம் என்பதை ஒளிக்கவில்லை.

அங்கேயே கதை முடிந்திருந்தால் இத்தனை பக்கம் எழுதியிருக்க மாட்டோம். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1926இல், 'தமிழன்' மீண்டும் எழுந்தது. இம்முறை பிறந்த இடம் சென்னை அல்ல, கோலார் தங்கவயல்! ஆசிரியர் ஜி.அப்பாதுரையார். வாங்கிப் படித்தவர்களின் பிள்ளைகளே நடத்துகிறவர்களாக மாறிவிட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து தங்கவயலுக்கு வந்துகொண்டிருந்த கருத்து, இப்போது மைசூர் சமஸ்தானத்திலிருந்து தமிழ்நாட்டுக்குப் போகத் தொடங்கியது. அதற்கு முந்தின ஆண்டு, 1925 மே மாதம், ஈரோட்டில் பெரியார் 'குடி அரசு' தொடங்கியிருந்தார். சுயமரியாதைக் காற்று வீசிய அந்த ஆண்டுகளில் பகுத்தறிவு, சாதி ஒழிப்பு, பெண்ணுரிமை, சீர்திருத்தத் திருமணம் என்று இரு ஏடுகளும் ஒத்த குரலில் பேசின. 1930களின் முற்பகுதி வரை தங்கவயல் 'தமிழன்' நடந்தது. 1930இல் தொழிலாளர் கைரேகையைப் பதிவு செய்யக் கம்பெனி ஏற்பாடு செய்தபோது, நாங்கள் என்ன குற்றவாளிகளா என்று கேட்டு ஆயிரக்கணக்கானோர் சுரங்கத்தில் இறங்க மறுத்தார்கள். அந்தச் சொரணை ஒரே நாளில் வந்ததா? இருபது ஆண்டுக்கு மேலாக வாரந்தோறும் ஏடு படித்த ஊர் அது.

அதன் பிறகு நீண்ட மறதி. விடுதலைப் போராட்டப் பத்திரிகைகளின் பட்டியலில் அதற்கு இடமில்லை. திராவிட இயக்கத்தார் தொகுத்த பட்டியல்களிலும் பலகாலம் ஓரத்தில்தான் இருந்தது. அன்பு பொன்னோவியம் போன்ற ஒருசில பெருமக்கள் பழைய இதழ்களைக் கண்ணைப்போல் காத்து வைத்திருந்தார்கள். அதனால்தான் 1999இல் ஞான.அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டையிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பெரிய தொகுதிகளாக வெளிவர முடிந்தது. அதன் பிறகே பல்கலைக்கழகங்கள் விழித்தன. 2005இல் இந்திய அரசு பண்டிதருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. 2023இல் சென்னை கிண்டியில் தமிழ்நாடு அரசு மணிமண்டபம் திறந்தது. மகிழ்ச்சியே. ஆனால் மணிமண்டபத்தில் சிலை இருக்கும், ஏடு இருக்காது. இன்று நம் கைக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி 1907 முதல் 1914 வரையிலான பண்டிதர் காலத்து எழுத்து. தங்கவயலில் 1926க்குப் பின் அச்சான இதழ்கள் அந்த அளவுக்கு மக்கள் கைக்கு வரவில்லை. அவை போய்ச் சேர்ந்த இடம் சுரங்கத் தொழிலாளரின் வீடுகள். அங்கே பரணிலும் தகரப் பெட்டியிலும் கிடந்திருக்கின்றன.

அந்த வீடுகளின் நிலை நமக்குத் தெரியும். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கத்தை மூடினார்கள். நூற்றிருபது ஆண்டு ஓடிய சக்கரம் நின்றது. அன்றிலிருந்து தங்கவயல் பெங்களூருக்கு ஆள் அனுப்பும் ஊராகிவிட்டது. விடியுமுன் மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயிலில், பங்காருப்பேட்டை வழியாக நின்றுகொண்டே வந்து, இங்கே ஆயத்த ஆடை ஆலையிலும் கட்டட வேலையிலும் காவல் வேலையிலும் கடை கண்ணிகளிலும் உழைத்துவிட்டு இரவு வீடு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். பலர் அலுப்புத் தாளாமல் அல்சூரிலும் காக்ஸ் டவுனிலும் ஸ்ரீராமபுரத்திலும் வாடகைக்கு வந்துவிட்டார்கள். நம் வாசகர்களில் கணிசமானோர் அவர்களே. கிழவர்கள் மறைய மறைய அங்கே வீடுகள் காலியாகின்றன. ஒவ்வொரு வீடு காலியாகும்போதும் வாசலில் ஒரு பழைய பேப்பர்க்காரர் நிற்கிறார். அவரும் பிழைக்க வந்தவர்தான்; அவர்மேல் நமக்குக் கோபமில்லை.

நம் உறுப்பினர் கொண்டுவந்த தாளை இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவில் வைத்திருக்கிறோம். அதில் பாதிக் கட்டுரையும் ஒரு திருமண அறிவிப்பும் தெரிகின்றன. கட்டுரையின் மறுபாதி எந்த ஆலையில் கூழாகிப் போயிற்றோ.

ஆகவே வாசகக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், ஊரிகம், ஆண்டர்சன்பேட்டை, இராபர்ட்சன்பேட்டை ஆகிய இடங்களில் உங்களுக்குப் பழைய வீடு இருந்தால், அடுத்த முறை போகும்போது பரணைப் பாருங்கள். பெட்டியைத் திறந்து பாருங்கள். 'தமிழன்' மட்டுமல்ல; பௌத்த சங்க அறிக்கை, தொழிற்சங்கத் துண்டறிக்கை, திருமண அழைப்பு, சந்தா ரசீது, எந்தத் தாளானாலும் சரி, எடைக்குப் போடாதீர்கள். மடித்திருந்தால் வலிந்து பிரிக்காதீர்கள், மடிப்பில் உடையும். பழைய தலையணை உறையில் போட்டு, அடியில் ஓர் அட்டை வைத்து எடுத்து வாருங்கள். ஒட்டும் நாடா எதுவும் போட வேண்டாம். நாங்கள் ஒளிப்படம் எடுத்துக்கொண்டு உங்களிடமே திருப்பித் தருகிறோம். சங்கத்துக்குக் கொடுக்க விரும்பினால் பெயர் எழுதி ரசீது தருகிறோம். படிக்கத் தெரியவில்லையே என்று பிள்ளைகள் தயங்கினால் அவர்களையும் அழைத்து வாருங்கள். ஞாயிறு மாலை 4 மணி முதல் 7 மணி வரை அலுவலகம் திறந்திருக்கும். ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்கலாம்.